வராதவர் தலைவர்

தாராவி கட்டடத் தொழிலாளர் நலச் சங்கத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருந்தது. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலைவர். இப்படி எந்த விதியிலும் கிடையாது. ஆனால் வந்திருக்கிற ஆளைத் தலைவராக்கப் பார்த்தால் அவன் எழுந்து நின்று, எனக்கு மூலம் இருக்கிறது, மாமியார் வந்திருக்கிறாள், பாண்டுப்புக்கு வீடு மாற்றப் போகிறேன் என்று ஆயிரம் சொல்வான். வராதவன் என்ன சொல்ல முடியும்? அவன் தலையில் கட்டிவிட்டு, ஒருமனதாக என்று கைதட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விடலாம்.

பூதத்தானுக்கு இது தெரியாமல் இல்லை. முந்தின வருஷம் அவனே பலமாகக் கைதட்டியிருக்கிறான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத்தில் அவன் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. போகாவிட்டால் சித்தப்பா சாகும்வரை சொல்லிக்காட்டுவார். போனான். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. சாயங்காலம் வாய் நிறைய வெற்றிலையோடு ரயிலிறங்கி வந்து பார்த்தால், வீட்டுக் கதவு ஆணியில் ஒரு செவந்திப்பூ மாலை தொங்குகிறது.

"யாரு செத்தா?" என்று கேட்டான்.

"ஒங்களத் தலைவராப் போட்டிருக்காவளாம்," என்றாள் மாடத்தி. "தளவாய் அண்ணன்தான் வந்து மாட்டிட்டுப் போனாவ. அவியதான் ஒங்க பேரச் சொன்னதாம்."

பூதத்தான் வெற்றிலையைத் துப்பினான்.

"சம்பளம் ஏதும் உண்டுமா?" என்றாள்.

"கெடையாது."

"அப்பம் எதுக்கு மாலை?"

தளவாய் சென்டிரிங் ஆசாரி. மேல்தளத்துக்குப் பலகை அடித்துக் கீழே முட்டுக் கொடுப்பது அவன் வேலை. அந்தப் பலகை மேல் கம்பி கட்டுவது பூதத்தான் வேலை. இரண்டு பேரும் ஒரே கான்ட்ராக்டரிடம் பல வருஷமாக ஒரே தூக்குச்சட்டியில் தின்றவர்கள். அன்றோடு பூதத்தான் தளவாயோடு பேசுவதை நிறுத்தினான். காரணம் கேட்டவர்களிடம், "அவன் மொகரயப் பாத்தா செவந்திப்பூ நாத்தம் அடிக்கி," என்றான்.

கான்ட்ராக்டர் சங்கரநாராயணனுக்கு மட்டும் சந்தோஷம். அவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். செம்பூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, வாசலில் ஒரு பழைய காரும் நிறுத்தியிருந்தார். "நீருதான் தலைவரா? நல்லதாப் போச்சு. நம்ம ஆளாத்தான் இருக்கீரு," என்றார். சொல்லிவிட்டு, பூதத்தான் வெகுகாலமாகக் காத்திருந்த வார்த்தையையும் சொன்னார். "தை பொறக்கட்டும். அடுத்த பில்டிங்குக்குக் கம்பி வேலைய லேபர் கான்ட்ராக்டா ஒமக்கே விட்டுருதேன். நீரே ஆளுகளச் சேத்துக்கிடும்."

வீட்டுக்கு வந்து பூதத்தான் இதை இரண்டு தடவை சொன்னான். குனிந்து குனிந்து முதுகெலும்பு வளைந்துபோன ஆள் அவன். இனிமேல் நிமிர்ந்து நின்று மற்றவனைக் குனியச் சொல்லலாம். மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? மாடத்தி மறுநாள் காலையில் குழாயடியிலேயே, "எங்க வீட்டுக்காரவுக தையிலேருந்து கான்ட்ராக்டர்," என்று அறிவித்துவிட்டாள். அதன்பிறகு அவளுக்கு முன்னால் குடத்தை வைக்கப் பலர் தயங்கினார்கள்.

தலைவர் வேலை என்னவென்று பூதத்தானுக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. சாரத்திலிருந்து விழுந்தவனோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் பெண்டாட்டிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆள் மேய்க்கிற முகதம் கூலியைப் பிடித்தால் போய்ப் பேச வேண்டும். இரண்டு கொத்தனார்கள் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டால் யார் மண்டை முதலில் உடைந்தது என்று விசாரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே அவனுக்கு மறந்துபோனது.

வருகிறவர்கள் சும்மா போவார்களா? தலைவர் வீடென்றால் டீ உண்டு. ரேஷன் சீனி வாரக்கடைசி வரை நின்றதே இல்லை. "அவியளுக்குச் சங்கம், நமக்குச் சீனித் தட்டுப்பாடு," என்று மாடத்தி டப்பாவைத் தட்டித் தட்டிக் கடைசித் துகளையும் கொட்டுவாள். பூதத்தான் கருப்பட்டிக் காப்பி குடித்துப் பழகிக்கொண்டான். தளவாய் மட்டும் டீ குடிக்க வரவில்லை. அந்த அளவுக்கு அவனுக்கு வெட்கம் இருந்தது.

"தையில அடுத்த கூட்டம்," என்று பூதத்தான் அடிக்கடி சொல்வான். "பந்திக்கு ஒக்காருத மாதிரி மொத ஆளாப் போயி முன்னால ஒக்காந்திருவேன். எவன் வரலையோ அவன் அனுபவிக்கட்டும்."

மார்கழியில் செம்பூரில் ஒரு சேட்டுக்கான மூன்று மாடிக் கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது. முதல் மாடிக்கு ஸ்லாப் போட வேண்டும். கீழே நடுவில் தூண் இல்லாத பெரிய ஹால். சேட்டு பொங்கலுக்குள் முடிக்கச் சொல்லி நெருக்கினார். முட்டுக்கு வேண்டிய நல்ல நீளக் கம்புகளெல்லாம் பாண்டுப்பில் சங்கரநாராயணனின் இன்னொரு கட்டடத்தில் நின்றன. அதைப் பிரித்துக் கொண்டுவர ஒரு வாரமாகும். அவர் பார்த்தார். கிடந்த குட்டைக் கம்புகளை இரண்டிரண்டாக ஒட்டு வைத்து ஆணியடித்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. ஒட்டுப்போட்ட கம்பு நல்ல கம்பு ஆகாது என்பது சட்டி சுமக்கிற பெண்ணுக்கும் தெரியும், வாசலில் டீ விற்கிறவனுக்கும் தெரியும், சங்கரநாராயணனுக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அதை யார் அவரிடம் சொல்வது?

ஆளாளுக்குத் தலைவரிடம் வந்து சொன்னார்கள். தனித்தனியாக வந்தார்கள். கொத்தனார் பீடி கேட்கிற சாக்கில் வந்தான். சட்டி சுமக்கும் பெண்களுக்குத் தலைவியான முப்பிடாதியம்மாள் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வந்து, "அந்த முட்டப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது. நான் சொன்னேன்னு சொல்லிராதீரும்," என்றாள். மாதுங்காவிலிருந்து வரும் ஓவர்சியர் வெங்கடராமனும் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக வந்தார்.

"இதோ பாருங்கோ பூதத்தான், எனக்கு மனசே சரியில்லை. நீங்க தலைவர். எடுத்துச் சொல்லணும். ஆனா நான் சொன்னேன்னு எங்கேயும் வரப்படாது."

"நீங்க ஓவர்சியர்லா சாமி? நீங்களே சொல்லலாமே."

"எனக்கு மூணு பொண்ணுங்க," என்றார் வெங்கடராமன். அத்தோடு விவாதம் முடிந்தது.

தளவாய் ஒருவன்தான் வரவில்லை. ஸ்லாப் போடும்போது சென்டிரிங் ஆசாரி ஒருவன் கீழே முட்டுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். மேலே கலவையைக் கொட்டக் கொட்ட எது அசைகிறது, எந்த ஆப்பு தளர்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது சரிந்தால் கத்த வேண்டும். கத்த நேரம் கிடைத்தால் கத்துவான். இந்த ஸ்லாப்புக்கு அங்கே நிற்கப் போகிறவன் தளவாய். அவன் தான் அடித்த ஒட்டுக் கம்புகளைச் சுற்றிச்சுற்றி வந்தான். சாப்பிடும்போதும் தனியாக உட்கார்ந்தான்.

பூதத்தான் போய்ச் சொல்லத்தான் செய்தான். சங்கரநாராயணன் கோபப்படவில்லை. தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

"ஏம்வே, ஒமக்குக் கம்பி வேலை. முட்டு யாரு வேலை?"

"தளவாய் வேலை அண்ணாச்சி."

"அவன் ஏதாவது சொன்னானா?"

"இல்ல."

"பொறவு? தை பொறக்கப் போவுது. ஒம்ம கான்ட்ராக்டுக்கு ஆள் சேக்கதப் பாரும்."

தோளில் கிடந்த கை கனமாக இருந்தது. பூதத்தான், "சரி அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மாடத்தி விசாரித்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அடியில யாரு நிக்கா?"

"தளவாய்."

"ஒங்கள மாட்டிவிட்டவியதான?"

"ஆமா."

"நல்லா வேணும்னு நெனச்சியளா?"

பூதத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நெனச்சேன். பொய் சொல்லப் போறதில்ல. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு அவன் தனியா ஒக்காந்து சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருந்ததப் பாத்தேன். எனக்குப் பயமா இருக்கு மாடத்தி. அவர எதுத்துக்கிட்டா கான்ட்ராக்ட் போயிரும்."

மாடத்தி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றினாள்.

ஸ்லாப் போடும் நாளில் கான்ட்ராக்டருக்குச் சங்கத்தின் சார்பில் மரியாதை செய்வது வழக்கம். சங்கத்து நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, அவரை உட்காரவைத்து, மாலை போடுவார்கள். அவர் தேங்காய் உடைப்பார். எல்லோருக்கும் பேடா கொடுப்பார். சாயங்காலம் வேலை முடிந்ததும் கறிச்சோறு. சங்கத்துக்கு இருந்த சொத்தே அந்த நாற்காலியும் ஒரு கைமணியும்தான். நாற்காலியைப் பழைய சென்டிரிங் பலகையில் தளவாய் செய்திருந்தான். பலகையில் அப்பிய சிமென்ட் அப்படியே இருந்தது. ஒரு கால் குட்டை. அதைத் தூக்கிச் சுமப்பதும் தலைவர் வேலைதான்.

காலையில் பூதத்தான் நாற்காலியோடு செம்பூர் பஸ்ஸுக்கு நின்றான். பஸ் வருகிற வழியாக இல்லை. கால் கடுத்தது. நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஜனங்கள் வரிசையாக நின்றுகொண்டார்கள். பஸ் வந்ததும் கண்டக்டர் இந்தியில், நாற்காலிக்கும் டிக்கெட் எடு என்றார். பூதத்தான் எடுத்தான். அன்றைக்கு அவன் யாரோடும் வாதாடுகிற நிலையில் இல்லை.

கட்டடத்தில் எல்லாம் தயார். மிக்சர் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. மேலே அவன் கட்டிய கம்பிவலை வெயிலில் கிடந்தது. கீழிருந்து மேல்வரை சாரத்தில் பெண்கள் சட்டியோடு வரிசையாக நின்றார்கள். சங்கரநாராயணன் பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். "போடும்வே நாக்காலிய," என்றார்.

பூதத்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனான். ஒட்டுக் கம்புகளுக்கு நடுவே, ஹாலின் நட்ட நடுவில் போட்டான். மேல்துண்டால் தூசியைத் தட்டினான்.

"வாங்க அண்ணாச்சி," என்றான். "ஒக்காருங்க."

சங்கரநாராயணன் வாசலில் நின்றுவிட்டார். "அங்க எதுக்குவே? வெளிய போடும்."

"வெளிய வெயிலு. இங்க நல்லா நெழலா இருக்கு."

"மாலையப் போட்டுட்டு எந்திரிச்சிரலாம்னா சரி."

"இல்ல அண்ணாச்சி. ஸ்லாப் முடியுத வரைக்கும் ஒக்காரணும். சங்கத்து முடிவு." சங்கம் அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. அது காலையில் பஸ் ஸ்டாப்பில் அவனாகவே எடுத்த முடிவு. "தளவாயும் இங்கதான நிக்கப் போறான். ஒங்களுக்குப் பேச்சுத் துணையா இருப்பான்."

சங்கரநாராயணன் அண்ணாந்து முட்டுகளை ஒரு தடவை பார்த்தார். மரியாதையை வேண்டாமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வேண்டுமென்றால் உட்கார வேண்டும். அவர் முகம் சிவந்து, பிறகு சாந்து நிறத்துக்கு வந்தது. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து கார் வைத்திருக்கிறவர்.

"நான் என்னவே பெரிய ஆளு?" என்றார். "நீருதான சங்கத்துக்குத் தலைவரு? மரியாதை ஒமக்குத்தான். நீரே ஒக்காரும்."

இதைப் பூதத்தான் எதிர்பார்க்கவில்லை. மாடத்தி முகம் கண்முன் வந்தது. முதுகு நிமிர்ந்து நிற்கிற தன் உருவமும் வந்தது. வெளியே போய்விடலாம். போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இத்தனை நாள் சொல்லாதவர்கள் இன்றைக்கா சொல்லப் போகிறார்கள்? தளவாய் ஒரு முட்டுக்கம்பைப் பிடித்துக்கொண்டு, கையில் சுத்தியலோடு தரையைப் பார்த்து நின்றான்.

பூதத்தான் உட்கார்ந்தான். குட்டைக் கால் டக்கென்று ஆடியது.

"சரி அண்ணாச்சி," என்றான். "ஊத்தச் சொல்லுங்க."

"ஊத்துங்கலே!" என்று கத்தினார் சங்கரநாராயணன்.

யாரும் ஊற்றவில்லை. வரிசையின் உச்சியில், முதல் சட்டியோடு நின்றவள் முப்பிடாதியம்மாள். பலகை இடுக்கு வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். நாற்காலி தெரிந்தது. அதில் தலைவரின் சொட்டை விழுந்த உச்சந்தலை தெரிந்தது. தன் பயத்தை எல்லாம் அந்த மண்டைக்குள்தான் அவள் கொட்டியிருந்தாள். இப்போது சிமென்டையும் கொட்டச் சொன்னால் எப்படி? சட்டியை இறக்கிக் காலடியில் வைத்தாள்.

"ஏட்டி, என்ன?" என்றார் சங்கரநாராயணன்.

"என்னால முடியாது மொதலாளி. அந்த முட்டு நிக்காது," என்றாள் அவள், ஊருக்கே கேட்கும்படி. "நான்தான் சொன்னேன்னு வேணும்னா வச்சிக்கிடுங்க."

அடுத்தவள் இறக்கி வைத்தாள். அதற்கடுத்தவளும். சட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுகிற சத்தம் சாரத்தின் வழியே கீழே இறங்கி வந்தது. மிக்சரை ஓட்டுகிறவன் மிஷினை அணைத்தான். அப்போதுதான் அங்கே காக்கைகள் கத்திக்கொண்டிருந்ததே தெரிந்தது.

தளவாய் நாற்காலி அருகே வந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"கால் ஆடுது. ஆப்பு வைக்கட்டா?"

"வையி," என்றான் பூதத்தான்.

தளவாய் மண்டியிட்டு, ஒரு மரச்சில்லைக் குட்டைக் காலுக்கடியில் சொருகிச் சுத்தியலால் தட்டினான். தட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. பூதத்தான் அதைப் பார்க்காத மாதிரி முட்டுகளைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் வெங்கடராமன் வாசலுக்கு வந்தார். வானத்தைப் பார்த்தார். மார்கழி மாதத்துப் பம்பாய் வானம், கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"சார், மழை வரும்போல இருக்கு," என்றார். "இன்னிக்கு ஸ்லாப் வேண்டாம். பாண்டுப்லேருந்து கம்பு வரட்டும். அதுக்குள்ள மழை விட்டுடும்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சங்கரநாராயணனும் வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார் கடைசியில். "இருட்டிக்கிட்டுத்தான் வருது."

வெங்கடராமன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். சும்மா சொல்லக்கூடாது, பொய்யைச் சொன்னால் இப்படித்தான் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

பாண்டுப்பிலிருந்து நீளக் கம்புகள் வந்தன. தளவாய் எல்லா முட்டுகளையும் மாற்றினான். பொங்கல் கழித்து ஸ்லாப் போட்டார்கள். ஒரு குறையும் இல்லை, கறிச்சோறும் உண்டு. பழைய முட்டிலேயே ஊற்றியிருந்தால் விழுந்திருக்குமா நின்றிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. விழாத ஸ்லாப்புக்குச் சாட்சி கிடையாது. பூதத்தானுக்கே சில ராத்திரிகளில் சந்தேகம் வரும்.

சொன்ன தையும் வந்திருந்தது. கம்பி கான்ட்ராக்டைச் சங்கரநாராயணன் அம்பர்நாத்துக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார். பூதத்தானைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "நீரு பெரிய தலைவரு. ஒமக்கு எதுக்கு இந்தச் சின்ன வேலையெல்லாம்?" அடுத்த வாரத்திலிருந்து அவர் கட்டடத்தில் அவனுக்குக் கூலிவேலையும் இல்லை. பாண்டுப்பில் வேறு ஒருவரிடம், விடியக்காலை ரயிலைப் பிடித்துப் போய், பழையபடி குனிந்து கம்பி கட்டினான். குழாயடியில் மாடத்தியின் குடத்துக்கு முன்னால் மறுபடியும் மற்றவர்கள் குடத்தை வைத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

சங்கத்து ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த மாதிரிக் கூட்டம் அதற்குமுன் கூடினதில்லை. தலைவர் வேலை என்றால் ஸ்லாப்புக்கு அடியில் உட்காருவது என்று ஆகிவிட்ட பிறகு யார்தான் வராமல் இருப்பார்கள்? காலில் கட்டுப்போட்டவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல்காரன் போர்வையோடு வந்தான். ஊருக்குப் போவதற்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தவன் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

பூதத்தான் காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டையைப் போட்டு, தலையை வாரி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த நாள் இது. முதல் ஆளாகப் போய் முன்னால் உட்கார வேண்டும். அந்த வழியாகப் போனவர்களெல்லாம், "வாரீரா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். "இந்தா வந்துட்டேன்," என்றான்.

தளவாய் கைமணியோடு வந்தான். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்து மணிச்சத்தம் கேட்டது. பூதத்தான் படியிலேயே நின்றான். இரண்டாம் மணியும் அடித்தது. அவன் குனிந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். உள்ளே வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தான்.

மாடத்தி அடுப்படியிலிருந்து பார்த்தாள். "கூட்டத்துக்குப் போகலையா?"

"போகல."

திட்டப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் எழுந்து சீனி டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு ரேஷன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அடுப்பப் பாத்துக்கிடுங்க, மாலையும் கையுமா சீக்கிரமா வந்துருவாவ," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.